நின்றால் எரிகிறது, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை: இது என்ன வலி?

11 ஜூன் 2023, இரவு 11.20

வயது 57. மதுரை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 26 வருடமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று எழுதாமல் நிற்கிறேன் என்று எழுதியது தெரிந்துதான்.

ஒரு வருடமாகக் காலில் வலி. கவுண்டரில் நின்று இருபது நிமிடம் ஆனால் வலது தொடையின் வெளிப்புறம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. நடந்தால் கெண்டைக்கால் இரண்டும் கனத்து, மதமதத்து, யாருடைய காலையோ இழுத்துக்கொண்டு போவது போல ஆகிவிடுகிறது. இரவில் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது. உட்கார்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையும் ஆயிற்று, நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை உண்டு, 12 வருடமாக மெட்பார்மின்.

எலும்பு மருத்துவர் ‘வயசு’ என்றார். மருந்துக்கடைக்காரர் ‘வாயு’ என்றார். என் மனைவி ‘உங்களுக்குக் கடைக்குப் போனால்தான் வலிக்கும்’ என்கிறாள். யாருக்காவது இப்படி இருந்து சரியாகியிருக்கிறதா?

12 ஜூன் 2023

பதில் எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேர் தைலம் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாம் தேய்த்தாயிற்று. நொச்சி இலை ஒத்தடம், எருக்க இலையைச் சூடாக்கிக் கட்டியது, எதுவும் பாக்கியில்லை. முடக்கத்தான் தோசையை வலி வருவதற்கு முன்பிருந்தே சாப்பிட்டு வருகிறேன். தோசை நன்றாகத்தான் இருக்கிறது. வலியும் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் கேட்பது நரம்புச் சத்து மாத்திரைதான். எட்டு மாதமாகக் காலை ஒன்று, இரவு ஒன்று. சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். மற்றவர்களும் முயன்று பார்க்கலாம்.

18 ஜூன் 2023

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘வலி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அளந்தீர்களா?’ என்று கேட்டிருந்தார். ‘கொஞ்ச தூரம்’ என்றுதான் எல்லா மருத்துவரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். சேலையை அரை மீட்டர் குறைத்துக் கொடுத்தால் சண்டைக்கு வருகிற ஊரில், என் காலை மட்டும் குத்துமதிப்பாக விட்டிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. விடிகாலையில் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். முதல் பக்கத்தில் முக்கால்வாசி போனதும் கெண்டைக்கால் கனக்கத் தொடங்கியது. மூலை திரும்பும்போது முடியவில்லை. சுற்றுச்சுவரில் உட்கார்ந்தேன். மூன்று நிமிடம். எழுந்து நடந்தேன். அடுத்த பக்கத்தில் பாதியிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு சுற்று முடிக்க ஐந்து முறை உட்கார்ந்தேன். என்னைத் தாண்டிப் போன ஒரு பாட்டி மூன்றாவது சுற்றில் ‘என்ன தம்பி, குளத்தைக் காவல் காக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

2 ஜூலை 2023

ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பயம்தான். 2009 வரை பீடி குடித்தவன் நான். போய்ப் பார்த்துவிட்டேன். கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையே கணுக்காலிலும் கட்டுகிறார்கள். கணுக்காலில் வரும் அழுத்தத்தைக் கையில் வருவதால் வகுக்கிறார்கள். 0.9-க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று பொருள். எனக்கு 1.06. ஆக, ரத்தம் ஒழுங்காகப் போகிறது.

3 ஜூலை 2023

நேற்று எழுதியதில் திருத்தம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால், அடைப்பு இருந்தும் இந்த எண் நல்லபடியாகக் காட்டிவிடக் கூடும் என்று செவிலியராக இருக்கும் சகோதரி ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான், மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன். எனக்கு டாப்ளரும் (ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுத்திருந்தார்கள், அதிலும் அடைப்பில்லை. சர்க்கரைக்காரர்கள் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிட வேண்டாம்.

23 ஜூலை 2023

இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா இன்னொரு கேள்வி அனுப்பியிருந்தார்: ‘நடையை நிறுத்தினாலே வலி போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா?’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு தெப்பக்குளத்தில் சோதித்தேன். வலி வந்ததும் உட்காராமல் நிமிர்ந்து நின்று பார்த்தேன். ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லை, கூடியது. சுவரில் கையூன்றிக் குனிந்தேன். ஒரு நிமிடத்தில் இறங்கியது. உட்காரவே இல்லை, குனிந்ததோடு சரி.

ரத்தக்குழாய் வலி என்றால் சும்மா நின்றாலே போய்விடுமாம். தசை ஓய்ந்தால் அதற்குப் போதும். நிற்பதே வலியைக் கூட்டி, குனிந்தால் குறைகிறது என்றால் இடுப்பில் நரம்பு நெருக்குண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அப்போதுதான் எனக்குச் சைக்கிள் நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து கடைக்கு 5 கிலோமீட்டர். தினமும் சைக்கிளில்தான் போகிறேன், ஒரு நாளும் வலித்ததில்லை. என் மைத்துனர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால், ‘சைக்கிள் மிதிக்கிறவனுக்குக் கால்வலியாம்!’ என்று சிரித்தார். நானும் அதற்குப் பதில் தெரியாமல் தலைகுனிந்து வந்தேன். பார்த்தால், வலி பொய் என்பதற்கு அவர் காட்டிய அதே சாட்சிதான் வலி எங்கிருந்து வருகிறது என்பதற்கான சாட்சி. சைக்கிளில் உட்கார்ந்து முன்னால் சாய்கிறோம், இடுப்பு வளைகிறது, நரம்புக்கு இடம் கிடைக்கிறது. 1977-இல் இரண்டு மருத்துவர்கள் இதைச் சைக்கிள் சோதனை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். மைத்துனருக்கு இந்தப் பத்தியை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார், பதில் இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கவுண்டரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்பேன். ‘வாடிக்கையாளர் முன்னால் என்ன சோம்பல்’ என்று மேற்பார்வையாளரிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்து என்ன என்று உடம்பு அப்போதே கண்டுபிடித்துவிட்டிருக்கிறது.

13 ஆகஸ்ட் 2023

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. அறிக்கையைத் தமிழில் சொன்னால்: இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே நரம்புகள் இறங்கும் கால்வாய் குறுகியிருக்கிறது. எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் முன்னாலிருந்து கொஞ்சம் பிதுங்கி, பின்னால் உள்ள தசைநார் தடித்து, இரண்டும் சேர்ந்து நெருக்குகின்றன.

மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். நான் அதை என் தொழில் மொழியில் புரிந்துகொண்டேன். நிமிர்ந்து நிற்கும்போது அந்தத் தசைநார் கொசுவம் போல மடிந்து கால்வாய்க்குள் தள்ளுகிறது. குனிந்தால் கொசுவம் விரிந்து தட்டையாகிறது. சொன்னதும் அவர் சிரித்து, இனி மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே சொல்கிறேன் என்றார்.

‘முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?’ என்று கேட்டேன். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பும் தசைநாரும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து எடுக்கிறார்கள். எனக்கு வலியே இல்லாத நிலை அது. கடை மூடிய பிறகு வந்து கூட்டத்தைப் படமெடுப்பது மாதிரி.

20 ஆகஸ்ட் 2023

அறிக்கை கிடைத்த மகிழ்ச்சியில் போன வாரம் கொஞ்சம் துள்ளிவிட்டேன். வலியே இல்லாதவர்களுடைய முதுகுப் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வலியில்லாத 60 வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்ததாம். அதனால் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்ற வரியைப் படித்துவிட்டு யாரும் படுத்துவிட வேண்டாம். என் விஷயத்தில் தெப்பக்குளமும் சைக்கிளும் அறிக்கையும் ஒரே இடத்தைக் காட்டுவதால்தான் நம்புகிறேன்.

ஆர்வமுள்ளவர்களுக்கு: இந்த நோயைத் தெளிவாக எழுதியவர் ஹெங்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு மருத்துவர், 1954-இல். படுத்தால் ஒன்றுமில்லை, நின்றால் நடந்தால் கால் மரக்கிறது என்று வந்தவர்களைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார். நான் பிறப்பதற்கு 12 வருடம் முன்பே என் காலைப் பற்றி எழுதியாயிற்று.

யோகா வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகுக்கு நல்லது என்று புஜங்காசனம் நான்கு மாதம் செய்தேன். எனக்கு அது நேர் விரோதம். பின்னால் வளைந்தால் கால்வாய் இன்னும் சுருங்குகிறது. வேறு வகை டிஸ்க் கோளாறு உள்ளவர்களுக்கு அதே ஆசனம் உதவலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எனக்குக் கொடுத்திருப்பது மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுப்பது, வயிற்றுத் தசைப் பயிற்சி, பிறகு அதே சைக்கிள்.

17 செப்டம்பர் 2023

ஜூன் 12-ஆம் தேதிக் குறிப்பில் நரம்புச் சத்து மாத்திரையைப் பரிந்துரைத்தேன் அல்லவா? அதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், என் அறிவின் அளவு தெரியட்டும்.

உள்ளங்கால் எறும்பு மட்டும் இடுப்புக் கதையோடு ஒட்டவில்லை. அது நிற்கும்போது வருவதில்லை, படுத்த பிறகு வருகிறது. இதை மருத்துவரிடம் தனியாகச் சொன்ன பிறகுதான் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 164 வந்தது. அந்த ஆய்வகத்தில் 200-க்கு மேல் இருக்க வேண்டும். மெட்பார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். நான் அசைவம் சாப்பிடுவதும் மாதத்துக்கு ஒரு நாள்தான். ‘எட்டு மாதம் நரம்பு மாத்திரை சாப்பிட்டேனே?’ என்றேன். அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதில் பி6 தாராளமாக இருந்தது, பி12 பெயருக்குத்தான். பி6 அளவுக்கு மீறி நாள்பட உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்றார். எரிச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரையாலும் எரிந்திருக்கலாம்! இப்போது பி12 ஊசி. மின்சாரச் சோதனை நார்மலாக வந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. அது பெரிய இழைகளைத்தான் பார்க்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது.

5 நவம்பர் 2023

தீபாவளிக்கு ஒரு வாரம். 13 மணி நேரம் நிற்கிறோம். பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். வலி கொஞ்சம் மங்குகிறது, நானும் சேர்ந்து மங்குகிறேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை கேட்ட அம்மாவிடம் மூன்று முறை பச்சையை எடுத்துப் போட்டேன். ‘தம்பிக்குத் தூக்கமா?’ என்றார்.

19 நவம்பர் 2023

அந்த மாத்திரையை நானாக ஒரே நாளில் நிறுத்தி நான்கு இரவு தூங்காமல் கிடந்தேன். நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். மருத்துவரிடம் நல்ல திட்டு.

26 நவம்பர் 2023

‘உட்கார உரிமைச் சட்டம் இருக்கிறதே, கடையில் கேட்கக் கூடாதா?’ என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இருக்கிறது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடிய பிறகு 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஊழியருக்கு இருக்கை போட்டுத் தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர் உட்காரலாம்.

எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்தன. இப்போது அவற்றின் மேல் காலிச் சேலைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. உட்கார்ந்தால் ஒரு பார்வை வரும், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, என் பெரியப்பா காலத்தில், ஜவுளிக்கடை என்றால் வெள்ளைத் துணி விரித்த மெத்தைதான். விற்பவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவரும் எதிரே உட்காருவார். சேலை நடுவில் விரியும். பெரியப்பா 80 வயதில் போனார், முழங்கால் வலித்தது என்பார், இப்படிக் கால் எரிகிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. கண்ணாடிக் கவுண்டர் வந்ததும் வாங்குகிறவருக்கு நாற்காலி போட்டார்கள், விற்கிறவனை நிறுத்திவிட்டார்கள்.

18 ஜனவரி 2024

பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பு. நான்கு நாளும் கைலிதான். மூன்றாம் நாள் மாலை திடீரென்று உணர்ந்தேன்: தொடை எரியவில்லை. மாட்டுப் பொங்கலன்று தெருவில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன், கெண்டைக்கால் வழக்கம்போலக் கனத்தது, தொடையில் மட்டும் ஒன்றுமே இல்லை. நேற்று கடைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் மிளகாய்.

21 ஜனவரி 2024

பெல்ட்!

செவிலியர் சகோதரிதான் கேட்டார், ‘கடையில் என்ன உடுத்துகிறீர்கள்?’ என்று. சீருடைக் கால்சட்டை, தோல் பெல்ட். தொப்பை வந்தபின் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கி இறுக்கிக் கட்டுகிறேன். இடுப்பு எலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு வெளியே வந்து தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகிறது. அது அங்கே நசுங்கினால் தொடை எரியும், நின்றால் நடந்தால் கூடும். மருத்துவர் அந்த இடத்தில் விரலால் தட்டினார், சுளீரென்று தொடையில் ஓடியது. அந்த நரம்புக்குத் தோலின் உணர்ச்சி மட்டும்தான் பொறுப்பு, அதனால் காலில் பலம் குறையாது. கல்லாவில் இருக்கும் அக்காவுக்கும் இதே எரிச்சல் உண்டு, அவருக்குப் பாவாடை நாடா. பச்சை பெல்ட் கட்டும் பெரியவர்களும் யோசிக்கலாம்.

பெல்ட்டை விட்டுத் தோளில் மாட்டும் பட்டை வாங்கியிருக்கிறேன். கடையில் எல்லோரும் ‘வாங்க துரை’ என்கிறார்கள். சொல்லட்டும்.

ஆக, ஒரு வலி என்று ஒன்றரை வருடம் சொல்லிக்கொண்டு அலைந்தது மூன்று வலி. தொடை பெல்ட்டால். கெண்டைக்கால் இடுப்பால். உள்ளங்கால் சர்க்கரையாலும் பி12-ஆலும். நான் ‘கால் வலிக்கிறது’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன், அவர்களும் மூட்டையைப் பிரிக்காமல் பெயர் எழுதினார்கள்.

28 ஜனவரி 2024

‘எல்லாம் மனசுதான்’ என்று எழுதிய நண்பருக்கு: மனசைப் பற்றி நிறைய எழுதிய சிக்மண்ட் பிராய்டுக்கே இந்தத் தொடை எரிச்சல் இருந்தது. 1895-இல் தன் தொடையைப் பற்றியே கட்டுரை எழுதினார். அவர்கூட அதை நரம்பு நோய் என்றுதான் எழுதினார்.

(கோபத்தில் எழுதிவிட்டேன். மனசு சுத்தமாகச் சம்பந்தமில்லாததும் இல்லை. தூக்கமில்லாத நாளில் அதே 200 மீட்டர் 150 ஆகிறது. ஆனால் ‘மனசுதான்’ என்பதில் இருக்கும் அந்தத் ‘தான்’ எனக்குப் பிடிக்கவில்லை.)

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நிற்க முடியாது என்று வீட்டில் தடுத்தார்கள். விடியுமுன் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடம் பிடித்து, இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்துகொண்டேன். இரண்டரை மணி நேரம். அழகர் பச்சைப் பட்டில் வந்தார். வலி வரவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளில் ஏற வழியில்லாத கூட்டம், ஹேண்டில்பாரில் பாரத்தைப் போட்டுத் தள்ளிக்கொண்டே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். அதற்கும் வலி வரவில்லை. கைவீசி நடந்தால் 300 மீட்டர் தாண்டாத ஆள்.

9 ஜூன் 2024

கவலைப்பட வைத்த ஒரு நாள். சிறுநீர் சரியாகப் போகவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது, நரம்பு நிரந்தரமாகப் போய்விடும். இரவு 11 மணிக்கு ஓடினேன். பார்த்தால் புராஸ்டேட். இவ்வளவு மகிழ்ச்சியாகப் புராஸ்டேட் வீக்கத்தை ஏற்றுக்கொண்ட ஆளை அந்த இளம் மருத்துவர் பார்த்திருக்க மாட்டார்.

18 ஆகஸ்ட் 2024

அறுவை சிகிச்சை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். கால்வாயின் பின்சுவரைக் கொஞ்சம் எடுத்து இடம் விடுவார்கள். என் அறுவை மருத்துவர் நேர்மையாகச் சொன்னார்: நடை தூரம் கூடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, உள்ளங்கால் எரிச்சல் அதில் போகாது, இப்போது காலில் பலம் குறையாததால் அவசரமில்லை. பலருக்கு இது வருடக்கணக்கில் கூடாமலே இருப்பதும் உண்டாம். தீபாவளி முடியட்டும் என்றேன். போன வருடமும் அதையே சொன்னதாக மனைவி நினைவூட்டினாள்.

அவளைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதை அவள் படித்துவிட்டாள். கடைக்குப் போனால்தான் வலிக்கும் என்று தான் சொன்னதில் பெல்ட் விஷயம் அப்படியே சரியாக இருந்ததே என்கிறாள். மறுக்க முடியவில்லை.

8 டிசம்பர் 2024

தெப்பக்குளம் இன்று: ஒரு சுற்றுக்கு மூன்று முறை உட்கார்ந்தேன். பாட்டி நலமாக இருக்கிறார், இன்னமும் வேகமாக.

15 டிசம்பர் 2024

ஸ்டூல் பற்றிக் கேட்ட திருப்பூர் தம்பிக்கு. நவம்பரில் கடைப் பெட்டிகளை நானே இறக்கி வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அது குட்டை, கவுண்டர் மார்புக்கு வந்தது. கீழவாசலில் ஒரு தச்சரிடம் செய்துகொண்டேன். உயரம் 28 அங்குலம், என் உயரம் 5 அடி 6. தரையிலிருந்து 8 அங்குலத்தில் ஒரு குறுக்குக் கட்டை போடச் சொல்லுங்கள், நிற்கும்போதும் ஒரு காலை அதில் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு நிமிராமல் இருக்கும். கட்டை இல்லாமல் வாங்காதீர்கள். மேற்பார்வையாளர் இரண்டு நாள் பார்வை பார்த்தார், மூன்றாம் நாள் தானும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எங்கே செய்தது என்று கேட்டார்.